கண்டன்சேட் கிணறு எவ்ளோ கொடுக்கும்: மூணு வழில நான் ஏன் சூடோபிரஷர் பக்கம்

மணலி, எண்ணூர் பக்கம் பிளான்ட்ல இருக்கற தம்பிங்க சில பேர் கிணறு சைடு வேலைக்கு மாறணும்னு, கேஸ் கண்டன்சேட் (பிரஷர் குறைஞ்சா திரவம் பிரியற கேஸ்) கிணத்தோட உற்பத்திய எத வச்சு கணிக்கறதுன்னு கேட்டுக்கினே இருக்காங்க. தண்டையார்பேட்டைல வீட்ல இருந்தே இந்த கணக்கு போட்டு குடுக்கறவன் நான், பேக் பிரஷர் ஈக்வேஷன், காம்போசிஷனல் சிமுலேஷன், சூடோபிரஷர்னு மூணு வழியும் பாத்துட்டு சூடோபிரஷர்லயே நின்னுட்டேன்.

பிரச்சனை தெரிஞ்சது தான். கிணத்தடி பிரஷர், திரவம் பிரிய ஆரம்பிக்கற டியூ பாயிண்டுக்கு கீழ போனா கேஸ்ல இருந்து திரவம் பிரிஞ்சு கிணத்த சுத்தி தேங்கிடும், கேஸ் வர்ற வழி அடைபடும். லேப்ல திரவம் கம்மின்னு ரிப்போர்ட் வந்தா நம்பி உக்காராதீங்க, சுமத்ராவுல அருண் ஃபீல்டுல லேப்ல பிரிஞ்ச திரவம் 2 சதவீதம் கூட இல்ல, ஆனாலும் கிணறுங்களோட திறன் பாதிக்கு வந்துடுச்சு.

கிணத்து டெஸ்ட்ல அளந்த பிரஷர், கேஸ் ஓட்டம் வச்சு போடற பேக் பிரஷர் ஈக்வேஷன் 1930கள்ல ராலின்ஸ், ஷெல்ஹார்ட் குடுத்தது. டிரை கேஸ்க்கு தாராளமா போதும். கண்டன்சேட்ல திரவம் தேங்க தேங்க அந்த ஈக்வேஷன்ல டெஸ்ட் வச்சு எடுக்கற 'சி'ங்கற எண் மாறிட்டே போகும், திரும்ப திரும்ப டெஸ்ட் எடுக்கணும். அவ்ளோ தான்.

ஃபீல்ட கிரிட் செல்லுங்கற கட்டங்களா பிரிச்சு, கேஸ் கலவை எப்படி மாறுதுன்னு கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கற காம்போசிஷனல் சிமுலேஷன் ரொம்ப வலுவானது, மறுக்கல. ஆனா கிரிட் செல் பெருசா இருந்தா கிணத்து பக்கத்துல தேங்கற திரவம் சராசரில கரைஞ்சிடும், உற்பத்தி அதிகமா காட்டும், அதனால கிணத்த சுத்தி சின்ன சின்ன செல்லா பிரிக்கணும், ரன் இழுக்கும். முழு ஃபீல்டு மாடல நான் தனியா கட்டினதில்ல, கட்டினவங்க கூட உக்காந்து பாத்தது தான், அதனால இதுல என் பேச்ச கொஞ்சம் கம்மியாவே எடுத்துக்கோங்க.

சூடோபிரஷர்னா, ஒவ்வொரு பிரஷர்லயும் கேஸும் திரவமும் எவ்ளோ சுலபமா ஓடுதுன்னு சேத்து கூட்டி (இன்டெக்ரேஷன்) எடுக்கற ஒரு எண். கண்டன்சேட்டுக்கு இந்த முறைய 1996ல ஃபேவாங், விட்சன் ரெண்டு பேரும் போட்டாங்க. கேஸும் திரவமும் சேந்து ஓடற உள் வட்டம், திரவம் தேங்கி கேஸ் மட்டும் ஓடற நடு வட்டம், வெறும் கேஸ் இருக்கற வெளி வட்டம்னு மூணா பிரிக்கறாங்க. உள் வட்டத்துல ஓடற கலவையும் மேல வர்ற கலவையும் ஒண்ணு தான், அதனால ஜிஓஆர் (கேஸ், ஆயில் விகிதம், ஆயில்னா இந்த திரவம் தான்), பிவிடி (பிரஷர், வெப்பத்துக்கு கேஸும் திரவமும் எப்படி மாறுதுங்கற லேப் டேட்டா) ரெண்டும் இருந்தா எந்த பிரஷர்ல கேஸும் ஆயிலும் என்ன விகிதத்துல ஓடுதுன்னு நேரா வந்துடும். செச்சுரேஷன், அதாவது பாறை துளைல திரவம் எவ்ளோ பங்குன்னு தெரியவே வேணாம்!

எனக்கு இத முடிவு பண்ணது பராமரிப்பு. ஜிஓஆர் மாறுச்சா, எக்செல்ல அந்த நம்பர மாத்தி இன்டெக்ரேஷன திரும்ப ஓட்டினா அன்னிக்கே உற்பத்தி கர்வ் ரெடி, வேற ஒருத்தர் கைல குடுத்தாலும் ஓட்டுவாங்க. சிமுலேஷன்ல அதே மாற்றத்துக்கு ஹிஸ்டரி மேட்ச்ல (பழைய உற்பத்தியோட மாடல ஒத்துப்போக வெக்கறது) கை வெக்கணும், மாடல் கட்டினவர் வேலைய விட்டு போயிட்டா அத தொடவே ஆள் இருக்காது. ஆனா மொத்த கணக்கும் ஜிஓஆர் மேல நிக்குது. கேஸையும் திரவத்தையும் பிரிக்கற செபரேட்டர்ல பிரஷர் மாறினா கேஸ், திரவம் பங்கு மாறிடும்னு பிளான்ட் ஆளுங்களுக்கு சொல்லவே வேணாம், அந்த திருத்தம் போடாம நம்பர எடுத்துடாதீங்க.

வருங்கால ஜிஓஆர் மட்டும் இந்த முறை தானா சொல்லாது, பெரிய செல் சிமுலேஷன்ல இருந்தோ மெட்டீரியல் பேலன்ஸ்ல (உள்ள இருந்தது, வெளிய எடுத்தது கணக்கு) இருந்தோ வாங்கிக்கணும். கேஸ திரும்ப உள்ள செலுத்தற ஃபீல்டுன்னா முழு சிமுலேஷனுக்கே போங்க. வேகமா ஓடற கிணத்துல ரிலேட்டிவ் பெர்மியபிலிட்டி (திரவம் கூட இருக்கும்போது பாறைல கேஸ் ஓடற சுலபம்) கூடும், டர்புலன்ஸ் (சுழல் ஓட்டம்) அத இழுத்து புடிக்கும், ரெண்டுல எது ஜெயிக்கும்னு கிணத்துக்கு கிணறு பாக்கணும். லேப்புக்கு கோர் (கிணத்துல இருந்து எடுத்த பாறை துண்டு) அனுப்பும்போது கேஸ், ஆயில் பெர்மியபிலிட்டி விகிதத்துக்கு எதிரா கேஸ் பெர்மியபிலிட்டிய அளந்து குடுங்கன்னு கேளுங்க, செச்சுரேஷன் அளக்க தனியா காசு போடாதீங்க.