மஞ்சள் பூ பூத்தால் அது ஸ்ட்ராபெரி இல்லை

மாடித்தோட்டத்தில் வைக்க இந்த மாதம் யாராவது ஆன்லைனில் ஸ்ட்ராபெரி செடி வாங்கப் போகிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 2,000 ரூபாய் போனது. நான்கு மாத உழைப்பும் போனது. 8 வயதுப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கை அப்போது காப்பாற்ற முடியாமல் போனதுதான் இன்னும் ஆறவில்லை.

நாங்கள் பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். மொட்டை மாடியில் கீரை, தக்காளி, புதினா எல்லாம் நன்றாகவே வரும். போன மே மாதம் சின்னவள், "நம்ம செடியில பறிச்ச ஸ்ட்ராபெரில ஐஸ்கிரீம் செஞ்சு தரியாம்மா?" என்று கேட்டாள். தருகிறேன் என்றேன். அந்த வாரமே இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. "ஆல் சீசன் ஸ்ட்ராபெரி, பெங்களூரு வெயிலைத் தாங்கும், 60 நாளில் காய்க்கும்" என்று போட்டிருந்தார்கள். ஒரு செடி 150 ரூபாய். 12 செடிக்கு 1,800, கூரியருக்கு 200. பில் கேட்டதற்கு, "செடிக்கெல்லாம் யாரு மேடம் பில் போடுவாங்க, ஜிபே பண்ணிடுங்க" என்றார். பண்ணிவிட்டேன்.

நம் நாட்டில் விளையும் ஸ்ட்ராபெரியில் பெரும்பங்கு மகாராஷ்டிரத்தில் மகாபலேஷ்வர், பஞ்சகனி பக்கத்திலிருந்து வருகிறது. 2010-ல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. அங்கே மழை ஓய்ந்து செப்டம்பர், அக்டோபரில்தான் நாற்று நடுகிறார்கள். குளிர் காலம் முழுக்கப் பறிக்கிறார்கள். கொளுத்தும் மே மாதத்தில் நாற்று விற்பவரிடம், "ஏன் இப்போது?" என்று கேட்டிருக்க வேண்டும். இதையெல்லாம் நான் படித்தது பணம் போன பிறகு.

செடிகள் தேங்காய் நாரில் சுற்றி வந்தன. பூ, காய் எல்லாவற்றையும் கிள்ளி எடுத்துவிட்டே அனுப்பியிருந்தார்கள். இலை மூன்று மூன்றாக, ஓரத்தில் பல் பல்லாக, ஸ்ட்ராபெரி படங்களில் பார்ப்பது போலவே இருந்தது. தரையோடு கொடி ஓடி அங்கங்கே வேர் விட்டது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஜூலையில் மஞ்சள் பூ பூத்தது. ஸ்ட்ராபெரிக்கு வெள்ளைப் பூ என்று எங்கோ படித்த ஞாபகம். உடனே படம் எடுத்து அனுப்பிக் கேட்டேன். "இது ஸ்வீட் வெரைட்டி மேடம், மஞ்சள் பூ பூத்தாதான் பழம் இனிக்கும்" என்று பதில் வந்தது. இந்த ஒரு பொய்யைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. செடி மாறிப் போயிருந்தால் அப்போதே சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்டில் பழம் வந்தது. கண்ணைப் பறிக்கும் சிவப்பு, கோலிகுண்டு மாதிரி உருண்டை. பிள்ளை கழுவக்கூடக் காத்திருக்காமல் வாயில் போட்டாள். மென்றாள். என்னைப் பார்த்தாள். "அம்மா, இதுல ஒண்ணுமே இல்ல." நானும் தின்று பார்த்தேன். இனிப்பு, புளிப்பு, வாசனை, எதுவும் இல்லை. தண்ணீரில் நனைத்த பஞ்சைக் கடித்தது போல இருந்தது.

அந்தச் சமயம் ஊரிலிருந்து அத்தை வந்திருந்தார். குன்னூர்க்காரர். மாடிக்கு வந்தவர் குனிந்து ஒரு பழத்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதையா காசு குடுத்து வாங்கின? எங்க ஊர்ல தேயிலைத் தோட்டத்து ஓரமெல்லாம் மண்டிக் கிடக்குமே. சின்னப் பிள்ளைல பறிச்சுத் தின்னுட்டு, சப்புன்னு இருக்குன்னு துப்பிடுவோம்" என்றார்.

அப்போதும் மனசு கேட்கவில்லை. ஒரு செடியைப் பையில் போட்டுக்கொண்டு லால்பாக் பக்கம் சித்தாபுரா நர்சரிகளுக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் பூவைப் பார்த்த மாத்திரத்தில், "இது ஸ்ட்ராபெரி அல்லம்மா" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டார். இதற்கு மாக் ஸ்ட்ராபெரி என்று பெயர். தாவரவியலில் பொட்டென்டில்லா இண்டிகா. பழைய பெயர் டுஷெஸ்னியா. விஷம் இல்லை, சாப்பிட்டவர்கள் பயப்பட வேண்டாம். ஆனால் நாம் வாங்கித் தின்னும் ஸ்ட்ராபெரி இதுவே அல்ல.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஸ்ட்ராபெரிக்குப் பூ வெள்ளை, அழகுக்கு வளர்க்கும் சில ரகங்களில் ரோஸ். மஞ்சள் வரவே வராது. நல்ல ஸ்ட்ராபெரி கனத்தில் கீழே தொங்கும், விதைகள் சதையில் பதிந்திருக்கும். இந்தப் போலி வானத்தைப் பார்த்து நிற்கும், விதைகள் மணி மணியாக வெளியே துருத்திக்கொண்டிருக்கும். பூவோ காயோ இல்லாத செடியை யார் தந்தாலும் வாங்காதீர்கள்.

அதே பக்கத்தில் நீல ஸ்ட்ராபெரி விதை என்று பாக்கெட் விற்கிறார்கள். நீல ஸ்ட்ராபெரி என்று ஒரு பழம் உலகத்தில் கிடையாது. படத்தில் நிறத்தை மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். உண்மையான ஸ்ட்ராபெரி விதையே கொடுத்தாலும், அது கலப்பினம் என்பதால் தாய்ச்செடியின் பழம் அப்படியே வராது. அதனால்தான் விவசாயிகள் ரன்னரிலிருந்து, அதாவது தரையோடு ஓடி வேர் விடும் கொடியிலிருந்து, நாற்று எடுக்கிறார்கள்.

விற்றவரிடம் பேசினேன். "அதுவும் இந்தியன் ஸ்ட்ராபெரிதான்" என்றவர், பணத்தைக் கேட்டதும் என்னை பிளாக் பண்ணிவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். பில் இல்லை, முகவரி இல்லை, கையில் இருப்பது ஒரு ஜிபே ரசீதும் வாட்ஸாப் உரையாடலும்தான். பணம் இன்னும் வரவில்லை. நீங்கள் வாங்குவதானால் பில் தராதவரிடம் வாங்காதீர்கள். பேசியது எதையும் அழிக்காதீர்கள்.

அக்டோபரில் அதே சித்தாபுராவில், வெள்ளைப் பூவோடு நின்ற 4 செடிகளைக் கண்ணால் பார்த்து வாங்கினேன். நடுக்குருத்து மண்ணுக்குள் புதைந்தால் அழுகிவிடும் என்று அந்தப் பெரியவர் தன் கையாலேயே நட்டுக் காட்டினார். காலை வெயில் படும் கிழக்கு ஓரத்தில் வைத்து, குருவிகள் கொத்தாமல் வலை போட்டேன். ஸ்ட்ராபெரி பறித்த பிறகு பழுக்காது, அதனால் காம்பு வரை சிவக்கும்வரை விட்டேன். நாலு செடியில் ஒரே நாளில் கிண்ணம் நிறையாது. பழுக்கப் பழுக்கப் பறித்து ஃப்ரீசரில் சேர்த்து வைத்தேன். பிப்ரவரியில் அதையெல்லாம் சர்க்கரையும் துளி எலுமிச்சையும் சேர்த்து அடுப்பில் சுண்ட வைத்தேன். தண்ணீர் வற்றாவிட்டால் ஐஸ்கிரீம் பனிக்கட்டியாக நறநறக்கும். ஆறிய பிறகு கண்டென்ஸ்டு மில்க், அடித்த க்ரீம் இரண்டோடும் கலந்து இரவு முழுக்க உறைய வைத்தேன். க்ரீம் வாங்கும்போதும் லேபிளைப் பாருங்கள். தாவரக் கொழுப்பு என்று இருந்தால் அது பாலாடை இல்லை. மூடியைத் திறந்ததும் வாசனை அடுப்படி வரை வந்தது. பிள்ளை இரண்டாவது கரண்டி வரை பேசவே இல்லை.

நேற்று வீட்டுக்காரர் போனில் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். அதே படம், அதே "ஆல் சீசன்", விலை மட்டும் 180. "ஸ்டாக் இருக்கா?" என்று கீழே மூன்று பேர் கேட்டிருந்தார்கள். மூவருக்கும் தனித்தனியாக எழுதினேன். ஒருவர் மட்டும் பதில் போட்டார். காலையிலேயே பணம் அனுப்பிவிட்டாராம்.