ஜோர்டான் பாஸ்: பெட்ராவுக்கு இரண்டு நாளாக வாங்குங்கள்

ஜோர்டானுக்கு விமான டிக்கெட் போட்ட கையோடு ஜோர்டான் பாஸையும் வாங்கிவிடுங்கள். விசாக் கட்டணமும் பார்க்கும் இடங்களின் நுழைவுக் கட்டணமும் ஒன்றாக அடங்கிய பாஸ் அது. அதில் எந்த வகையை எடுப்பது என்று நானும் என் சிநேகிதியும் மூன்று நாள் போனில் பேசினோம். கடைசியில் 5 தினார் கூடக் கொடுத்து, மலையைக் குடைந்து செய்த பழைய ஊரான பெட்ராவுக்கு இரண்டு நாள் உள்ளதை எடுத்தோம். 2023 மார்ச் முதல் வாரத்தில் கிளம்பி எட்டு நாள் சுற்றிவிட்டு வந்தோம். போய் வந்தவர்களில் பாதிப் பேர் "பெட்ராவுக்கு ஒரு நாள் போதும்" என்று சொல்கிறார்கள். போதாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இது யாருக்கு உதவும் என்று தெரியும். நாங்கள் இருவரும் தேவகோட்டையில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவள் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் பொதுப்பணித் துறையில் கண்மாய், மடை, கலுங்கு (கண்மாய் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் இடம்) என்று முப்பது வருஷம் அலைந்தவள். அவளுக்கு வலது முட்டியில் வலி உண்டு, சுத்த சைவம். டூர் கம்பெனி எதுவும் வைக்கவில்லை. அம்மானில் இருந்து பஸ், அப்புறம் ஷேர் வேன், பாலைவனத்தில் ஜீப். அவ்வளவுதான்.

சரி, பாஸ் கணக்கு. ஜோர்டான் அரசு இதை இணையத்தில் விற்கிறது. 70, 75, 80 தினார் என்று மூன்று வகை. மூன்றிலும் மற்றதெல்லாம் ஒன்றேதான், பெட்ராவில் எத்தனை நாள் என்பது மட்டும் மாறும்: 70-க்கு ஒரு நாள், 75-க்கு இரண்டு நாள், 80-க்கு மூன்று நாள். அந்த நாட்கள் அடுத்தடுத்து வர வேண்டும். நாங்கள் போனபோது ஒரு தினார் 116 ரூபாய், ஆக ஆளுக்கு 8,700 ரூபாய். தொகை பெரிதாகத்தான் தெரியும். ஆனால் பாஸ் இல்லாமல் போனால் விசாவுக்கு மட்டும் 40 தினார், பெட்ராவில் ஒரு நாள் டிக்கெட் 50. இரண்டிலேயே 90 ஆகிவிடுகிறது. பாஸை நாட்டுக்குள் இறங்கும் முன்பே வாங்கி, குறைந்தது மூன்று இரவு தங்கினால் விசாக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் ஜெராஷ், அம்மான் கோட்டை, கராக் கோட்டை, வாடி ரம் பாலைவன நுழைவு என்று நாற்பது இடங்களுக்குப் பக்கம் இதிலேயே அடங்கும். வாங்கி ஒரு வருஷம் வரை சும்மா வைத்திருக்கலாம். முதல் இடத்தில் ஸ்கேன் செய்ததில் இருந்து இரண்டு வாரம் செல்லும்.

இதில் அடங்காதவற்றையும் சொல்லிவிடுகிறேன். பெட்ராவில் இரவில் மெழுகுவத்தி ஏற்றிக் காட்டும் நிகழ்ச்சிக்குத் தனி டிக்கெட். இயேசு ஞானஸ்நானம் பெற்றதாகச் சொல்லும் இடத்துக்கும் நெபோ மலைக்கும் தனி. வாடி ரம்மில் நுழைவு மட்டும்தான் பாஸில் வரும், ஜீப்பும் கூடாரமும் நம் செலவு.

மெயிலில் வந்த பாஸை என் போனில் வைத்திருந்தேன். சிநேகிதி அதை நம்பாமல் இரண்டு பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கைப்பையில் செருகிக்கொண்டாள். வாடி ரம் வாசலில் என் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தபோது அந்தக் காகிதம்தான் கை கொடுத்தது. நீங்களும் எடுத்து வையுங்கள்.

பெட்ராவின் முதல் நாள் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் போகும். நாங்கள் பத்து மணிக்கு உள்ளே நுழைந்தோம். வாசல் தாண்டியதும் குதிரைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "உங்கள் டிக்கெட்டிலேயே குதிரை சேர்த்திதான், வாங்க" என்றார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தச் சவாரி பள்ளத்தாக்கு தொடங்கும் இடத்தோடு முடிந்துவிடும், இறங்கும்போது கைக்காசு எதிர்பார்ப்பார்கள். சிநேகிதியின் முட்டியை நினைத்து ஏறினோம். இறக்கிவிட்டவர் ஆளுக்கு 10 தினார் கேட்டார். பேசி 3 கொடுத்தோம். ஏறும் முன்பே எவ்வளவு என்று பேசிக்கொள்வது இருவருக்கும் நல்லது. நடக்கவே முடியாதவர்களுக்கு பேட்டரி வண்டி இருக்கிறது. வாசலில் இருந்து, பள்ளத்தாக்கின் முடிவில் இருக்கும் கருவூலம் என்ற கட்டடம் வரை போகும், அதற்குத் தனிக் கட்டணம்.

அதற்கப்புறம் சிக். இரண்டு பக்கமும் செங்குத்தாக எழும் பாறைக்கு நடுவில் 1.2 கிலோமீட்டர் சந்து. அன்றைக்கு அது நிறையக் கூட்டம். வழிகாட்டிகளின் குடையும் செல்ஃபிக் குச்சியுமாக எல்லோரும் ஒரே வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். பாறை முடிகிற இடத்தில், பிளவுக்கு நடுவில், கருவூலம் என்று சொல்லும் அல் கஸ்னே தெரிந்தது. கிட்டத்தட்ட 40 மீட்டர் உயரம், முழுக்க ஒரே மலையில் குடைந்தது. பேர்தான் கருவூலம், கட்டியது கல்லறையாகத்தான். உச்சியில் இருக்கும் கல் கலசத்துக்குள் புதையல் இருக்கிறது என்று நம்பிச் சுட்ட குண்டுத் தழும்புகள் இன்னும் தெரிகின்றன. கலசம் முழுக்கக் கெட்டிக் கல். அரங்கம், வரிசையாக இருக்கும் அரச கல்லறைகள், தூண் தெரு எல்லாம் பார்த்துவிட்டு நாலு மணிக்கு அறைக்குத் திரும்பினோம். எல்லாம் பார்த்தாகிவிட்டது போலத்தான் இருந்தது. ஒரு நாள் பாஸ் எடுத்திருந்தால் இதோடு ஊர் திரும்பியிருப்போம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசல் திறந்ததும் நுழைந்தோம். சிக்கில் எங்களுக்கு முன்னால் ஒரு பூனையும், தரையைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒருவரும் மட்டும். அப்போதுதான் சுவர் கண்ணில் பட்டது.

இடுப்பு உயரத்தில் ஒரு வாய்க்கால், பாறையிலேயே வெட்டியது, சந்தோடு சேர்ந்து வளைந்து வளைந்து போகிறது. எதிர்ச் சுவரில் சுட்ட மண் குழாய்களின் மிச்சம். ஒவ்வொரு குழாயும் முழங்கை நீளம்கூட இல்லை. ஒன்றின் வாய்க்குள் அடுத்ததன் வால் செருகி, மூட்டில் சுண்ணாம்புச் சாந்து பூசியிருக்கிறார்கள். முந்தைய நாள் இதன் பக்கத்திலேயே தோள் உரச நடந்து போயிருக்கிறேன், பார்க்கவில்லை. குனிந்து வாய்க்காலின் தரையில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தேன். உளி போன தடம் பக்கச் சுவரில் சாய்வாக இருக்கிறது, தரை வழவழவென்று இருக்கிறது. சரிவு கண்ணுக்கே தெரியவில்லை. வாட்டம் கூடினால் தண்ணீர் வேகமெடுத்து மூட்டை உடைக்கும், குறைந்தால் மண் படியும். மட்டம் பார்க்கும் கருவி வைத்துக்கொண்டே நாங்கள் தவறவிட்ட வாட்டங்கள் எனக்குத் தெரியும். இங்கே 2000 வருஷத்துக்கு முன்னால் பாறையில் இதைப் பிடித்திருக்கிறார்கள். தண்ணீர் வந்தது ஊருக்கு மேலே இருக்கும் மூசா ஊற்றில் இருந்து. அந்த ஊற்று இன்றும் ஓடுகிறது.

"இதுக்கு வெள்ளம் வந்தா என்னடி பண்ணுவாங்க?" என்று சிநேகிதி கேட்டாள். அவளைத் திரும்ப சிக்கின் வாசலுக்கே கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு அணை இருக்கிறது. மழை வெள்ளம் சந்துக்குள் புகாமல் தடுத்து, பக்கத்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வேறு ஓடைக்குத் திருப்புகிறது. இந்த ஏற்பாட்டை முதலில் செய்தவர்கள், பெட்ராவைக் குடைந்த பழைய அரபு மக்களான நபாட்டியர்கள்தான். காலப்போக்கில் அது தூர்ந்துபோனது. 1963 ஏப்ரலில் வந்த திடீர் வெள்ளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இதே சந்தில் இறந்த பிறகு, அணையைத் திரும்பக் கட்டினார்கள். 2018 நவம்பரிலும் வெள்ளம் வந்து ஆயிரக்கணக்கானவர்களை வெளியேற்றியிருக்கிறார்கள். மழை அறிவிப்பு வந்தால் உள்ளே போகாதீர்கள். அங்கே இருப்பவர்கள் போகச் சொன்னாலும் போகாதீர்கள். சந்துக்குள் மேலே ஏற இடம் கிடையாது.

சிக்கின் பாதியில் ஒரு ஒட்டகச் சிற்பம். ஒட்டகத்தை நடத்திக்கொண்டு வருபவரின் பாதமும் அங்கியின் ஓரமும் மிச்சம், மேலே எல்லாம் கரைந்துவிட்டது. ஒட்டகத்தின் வயிறு மட்டும் தெரிகிறது. கூட்டத்தில் இதையும் தாண்டிப் போயிருந்தோம். அதன் முன்னால் கால் மணி நேரம் உட்கார்ந்து பிளாஸ்க் டீ குடித்தோம். தெற்கு அரேபியச் சாம்பிராணியைச் சுமந்து வந்த வணிகர்களுக்கு இந்த ஊர்தான் தண்ணீரும் தங்குமிடமும். அவர்கள் கொடுத்த காசில்தான் இவ்வளவு மலையையும் குடைந்திருக்கிறார்கள்.

அன்றைக்கு மடாலம் ஏறினோம். அதுவும் மலையில் குடைந்ததுதான், உயரத்தில் இருக்கிறது. எண்ணூறுக்கும் மேற்பட்ட படி. கழுதைக்காரப் பையன்கள் கூடவே வந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள். படிகள் தேய்ந்து வழுக்குகின்றன, பக்கத்தில் பள்ளம், கழுதைக்கும் பாவம், நமக்கும் ஆபத்து. நாங்கள் நடந்தே ஏறினோம். அந்தப் பையன்களின் குடும்பத்தார் வழியில் டீக்கடை போட்டிருக்கிறார்கள், அங்கே உட்கார்ந்து காசு கொடுத்தோம். சிநேகிதி நூறு படிக்கு ஒரு கோடு நோட்டில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தாள். எல்லோரும் முக்கால் மணி நேரத்தில் ஏறுவதை நாங்கள் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஏறினோம். முட்டி வலி உள்ளவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஏற முடியும், நாள் முழுக்க அதற்கென்று இருந்தால். மேலே மடாலத்தின் முகப்பு 47 மீட்டருக்குப் பக்கம் அகலம். கருவூலத்தைவிடப் பெரியது, அலங்காரம் குறைவு, எனக்கு இதுதான் கூடுதலாகப் பிடித்தது. எதிரே இருக்கும் டீக்கடையில் புதினா டீ வாங்கிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு மணி நேரம் இருந்தோம். 5 தினார் இதற்குத்தான்.

ஜெராஷ் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், ரோமானிய ஊர் அழகாக நிற்கிறது, அம்மானில் இருந்து அரை நாளில் பார்த்துவிடலாம். பாஸ் இருப்பதால் போங்கள்.

வாடி ரம்மில் ஒரு இரவு கூடாரத்தில் தங்கினோம். சாப்பாட்டோடு ஆளுக்கு 25 தினார், ஜீப் நாலு மணி நேரத்துக்கு இருவருக்கும் சேர்த்து 50. படுக்கை சுத்தம், கம்பளி மூன்று கொடுத்தார்கள், மூன்றும் வேண்டியிருந்தது. மார்ச் ராத்திரிக் குளிர் எலும்பில் இறங்குகிறது. கழிப்பறை தள்ளி இருக்கிறது, டார்ச் எடுத்துப் போங்கள். பதினோரு மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திய பிறகு வானத்தைப் பார்க்க வெளியே வந்தோம், குளிரை மறந்து அரை மணி நேரம் நின்றோம்.

குறை ஒன்று உண்டு, சைவர்கள் கவனிக்கவும். ராத்திரிச் சாப்பாடு ஸர்ப். மணலில் குழி தோண்டிக் கரி போட்டு, அடுக்குத் தட்டில் கோழியும் காய்கறியும் வைத்து, மேலே மூடி மண்ணைத் தள்ளிவிடுகிறார்கள். திறக்கும்போது எல்லோரும் சுற்றி நின்று பார்க்கிறார்கள், மணம் ஆளைத் தூக்குகிறது. ஆனால் உருளைக்கிழங்கு, கேரட் இருந்த தட்டு கோழிக்குக் கீழே. கொழுப்பு முழுக்க அதில் சொட்டியிருந்தது. சைவம் என்று முன்பே எழுதியிருந்தோம். அவர்கள் கணக்கில் காய்கறி இருந்தால் சைவம். சிநேகிதி அன்றைக்குச் சோறும் ஹம்முஸும் ரொட்டியும் தின்றுவிட்டுப் படுத்தாள். "காய்கறியைத் தனியாக, கோழிக்கு மேல் தட்டில் வையுங்கள்" என்று விவரமாகச் சொல்லி முன்பதிவு செய்யுங்கள். மறுநாள் காலையில் விஷயம் தெரிந்த சமையல்காரர் பதறிப்போய், அவளுக்கு மட்டும் தக்காளி வதக்கிக் கொடுத்தார்.

ஜீப் என்பது பின்னால் பெஞ்ச் போட்ட பழைய பிக்கப் வண்டி. முதுகுக்கு ஒரு சால்வையை மடித்து வைத்துக்கொண்டால் நல்லது. ஓட்டி வந்த இளைஞர் கஸாலி பிளவுக்கு அழைத்துப் போனார். பாறையில் மனிதர்கள், ஒட்டகங்கள், பாதச் சுவடுகள், தமூத் என்ற பழைய அரேபிய எழுத்துகள். இந்தப் பாலைவனம் முழுக்க இப்படி ஆயிரக்கணக்கில் கீறி வைத்திருக்கிறார்கள். அப்புறம் ஒரு ஊற்றுக்குக் கூட்டிப்போனார். மலைச் சரிவில், பாறைகளுக்கு நடுவில் ஒரு மரம் பச்சையாக நின்றது. முட்டிக்கு ஓய்வு வேண்டும் என்று அவள் கீழேயே இருந்துகொண்டாள், நான் மட்டும் ஏறினேன். பாறை இடுக்கில் கையளவு தண்ணீர் கசிகிறது. அங்கிருந்து ஒரு குழாய் கீழே இறங்கி சிமென்ட் தொட்டியில் விழுகிறது.

நான் இறங்கி வந்தபோது நாலு ஒட்டகங்கள் தொட்டியில் வாய் வைத்திருந்தன. சிநேகிதி தொட்டியைச் சுற்றி நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரி, இதுக்குக் கலுங்கு எங்கேடி?" என்றாள்.

தொட்டியின் கீழ்ப்பக்க விளிம்பைக் காட்டினேன். ஒரு ஓரத்தில் தண்ணீர் வழிந்து மணலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்த இடத்தில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குப் புல் முளைத்திருந்தது.