மென்கூழ் பூசிய செல் வளர்ப்புத் தட்டு: ஒரு மதிப்புரை

செல்கள் தாம் நிற்கும் தளத்தை இழுத்துப் பார்த்தே அதன் விறைப்பை அறிகின்றன என்பதை மாணவர்களுக்குக் காட்டுவதற்காக, 1 கிலோபாஸ்கல், 25 கிலோபாஸ்கல் என இரு விறைப்புகளில் பாலிஅக்ரிலமைடு கூழ் பூசிய ஆறு குழிகள் கொண்ட தட்டுகளை வாங்கினோம். வெறும் கூழில் செல்கள் ஒட்டுவதில்லை என்பதால் முதலில் செல்கள் பற்றிக்கொள்ளும் ஃபைப்ரோநெக்டின் புரதத்தைப் பூச வேண்டும். அதற்கான வழிமுறைத் தாள் தெளிவாகவே இருந்தது.

எலியின் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்களை இட்டு, மறுநாள், செல் தளத்தில் ஒட்டும் இடங்களில் சேரும் வின்குலின் புரதத்துக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது, விறைப்பான கூழில் செல்கள் அகலப் பரந்து, அவற்றின் ஓரங்களில் ஒட்டிடங்கள் நீண்ட கோடுகளாக ஒளிர்ந்தன; மென்கூழிலோ செல்கள் உருண்டு, மங்கிய சிறு புள்ளிகளோடு நின்றுவிட்டன. செல்லின் சவ்வில் நின்று தளத்தைப் பற்றும் இன்டெக்ரினையும் செல்லுக்குள் இருந்து இழுக்கும் ஆக்டின் இழைகளையும் இணைக்கும் டாலின் புரதம் இழுவிசையால் மடிப்பவிழ்ந்துதான் வின்குலினுக்கு இடமளிக்கிறது என்பதையும், தளம் நெகிழ்ந்து கொடுத்தால் அந்த விசை போதிய அளவு சேர்வதில்லை என்பதையும் கரும்பலகையில் எழுதி விளக்குவதைவிட, இக்காட்சி எளிதில் புரியவைத்தது.

இரண்டு குழிகளில் கூழ் விளிம்பிலிருந்து உரிந்து வந்தது. விற்பனையாளருக்கு எழுதியும் மாற்றுத் தட்டு வரவில்லை. வளர்ப்பு ஊடகத் திரவத்தை உறிஞ்சும்போது பிப்பெட் முனை பட்டாலே மென்கூழ் கீறிவிடுகிறது. கூழைத் தாமே வார்க்கப் பழகிய ஆய்வகங்களுக்கு இந்த விலை வீண். ஒரு வாரத்துக்குள் செய்முறை வகுப்பை முடிக்க வேண்டியவர்கள் வாங்கலாம்.