பித்தநாள அடைப்பு: எண்டோஸ்கோப்பியா, ஸ்கேனா, அறுவை சிகிச்சையா?

கண் மஞ்சளானால் சேலத்திலும் சரி, ஏற்காட்டு மலைக் கிராமங்களிலும் சரி, முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். ஆனால் மலம் வெளிறி, சிறுநீர் கறுத்து, உடம்பெல்லாம் அரிப்பெடுத்தால் அது கல்லீரலிலிருந்து பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பித்தநாளம் அடைபட்டதால் வந்த காமாலையாக இருக்கலாம். கல்லோ கட்டியோ அடைத்த வழியை எந்தச் சாறும் திறக்காது. கூடவே குளிர்நடுக்கத்தோடு காய்ச்சலும் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

மருத்துவமனையில் காதில் விழும் பெயர் இ.ஆர்.சி.பி. எண்டோஸ்கோப்பை வாய்வழியாக முன்சிறுகுடல் வரை இறக்கி, பித்தநாளம் திறக்கும் வாயில் மெல்லிய குழாயைச் செலுத்தி, சாயம் ஏற்றி எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். 1968இல் இது வெறும் பரிசோதனையாகத்தான் வந்தது. 1974இல் அந்த வாயின் தசையை வெட்டிக் கல்லை எடுக்கும் முறை வந்ததும் சிகிச்சையாக மாறியது. இன்றைக்கு இதைச் சிகிச்சைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். 'உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாம்' என்பதற்காகச் செய்யவே கூடாது.

காரணம் கணையம். பித்தநாளமும் கணைய நாளமும் பெரும்பாலும் ஒரே வாயில்தான் வந்து திறக்கின்றன. அங்கே கை வைத்தால் நூறு பேரில் 3 முதல் 10 பேருக்குக் கணைய அழற்சி வருகிறது. பெரும்பாலோருக்குச் சில நாளில் சரியாகிவிடும்; சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். ரத்தக்கசிவு நூற்றில் ஓரிருவருக்கு, குடலில் ஓட்டை விழுவது அதைவிடக் குறைவு. என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று: பிலிருபின் (ரத்தத்தில் உள்ள மஞ்சள் நிறமி) இயல்பாக, நாளம் விரியாமல் இருக்கும் இளம்பெண்களுக்குத்தான் கணைய அழற்சி அபாயம் கூடுதல். அதாவது, யாருக்கு இது அதிகம் தேவைப்படாதோ அவர்களுக்கே அதிக ஆபத்து.

பார்ப்பதற்கு எம்.ஆர்.சி.பி. இருக்கிறது; பித்தநாளத்தைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அது. உடம்புக்குள் எதையும் நுழைப்பதில்லை. 5 மில்லிமீட்டருக்கும் சிறிய கற்களை அது தவறவிடலாம். சந்தேகம் தீராவிட்டால் எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்ட் அவற்றையும் காட்டிவிடும். இந்த இரண்டில் ஒன்றாவது செய்யாமல் இ.ஆர்.சி.பி.க்கு நாள் குறித்தால் காரணம் கேளுங்கள். சீழ் பிடித்த அவசர நிலை என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம். அந்த நேரத்தில் இ.ஆர்.சி.பி.க்கு ஈடு இல்லை. அது முடியாதபோதும், அடைப்பு மேலே கல்லீரலை ஒட்டி இருக்கும்போதும் விலா வழியாக ஊசி போட்டுப் பித்தத்தை வெளியே வடிப்பார்கள். பித்தம் வடியும் பையைச் சுமந்துகொண்டு நடமாட வேண்டியிருக்கும்.

பித்தப்பையிலும் கல், நாளத்திலும் கல் என்றால்? இ.ஆர்.சி.பி.யில் நாளக் கல்லை எடுத்துவிட்டு, பிறகு லேப்ராஸ்கோப்பியில் (வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் அறுவையில்) பித்தப்பையை நீக்குவது ஒரு வழி. ஒரே மயக்கத்தில் இரண்டையும் லேப்ராஸ்கோப்பியிலேயே முடிப்பது மற்றொன்று. இதில் தசை வெட்டுப்படாது, மருத்துவமனை வாசமும் குறையும். ஆனால் நாளம் விரிந்திருக்க வேண்டும், கை தேர்ந்த அறுவை நிபுணர் வேண்டும், பித்தக் கசிவு அபாயமும் உண்டு. அப்படி ஒருவர் கிடைத்தால், உடல் தாங்கும் நடுத்தர வயதினருக்கு நான் இதையே சொல்வேன். வயதானவர்கள், இதயம் பலவீனமானவர்கள், ஏற்கெனவே பை நீக்கியவர்கள் ஆகியோருக்கு இ.ஆர்.சி.பி.தான். அதன்பின் பையை எடுப்பதென்றால் இரண்டு வாரத்துக்குள் எடுத்துவிடுவது நல்லது. வலி நின்றுவிட்டதே என்று தள்ளிப்போட்டால் மறுபடியும் கல் இறங்கும்.

அப்புறம் ஸ்டென்ட், அதாவது பித்தம் தடையின்றி வடிய நாளத்துக்குள் வைக்கும் சிறு குழாய். பிளாஸ்டிக் ஸ்டென்ட் சுமார் மூன்று மாதத்தில் அடைக்கத் தொடங்கும். மஞ்சள் இறங்கிப் பசியெடுத்துவிட்டால் அது உள்ளே இருப்பதே மறந்துபோகும். காபித் தோட்டத்தில் தினக்கூலிக்குப் போகிறவருக்கு, இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிச் சேலம் வந்துபோவதென்றால் ஒரு நாள் கூலி போச்சு. ஆனால் மறந்த ஸ்டென்ட் அடைத்து, கல் கட்டி, சீழ் பிடித்தால் முதல் நோயைவிடப் பெரிய நோயாகிவிடும். அதனால் எடுக்க வேண்டிய தேதியைச் சீட்டில் எழுதி வாங்கி, வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், ஸ்டென்டை எடுப்பதற்கும் அது செல்லுமா என்று உதவி மையத்தில் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

செய்யும் முன் இரண்டு விஷயம் பேச வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதைச் சொல்லுங்கள். கணைய அழற்சியைக் குறைக்க ஆசனவாயில் வைக்கும் இண்டோமெதசின் மருந்து தருவார்களா என்று கேளுங்கள். பலன் நிரூபிக்கப்பட்டது, விலையும் குறைவு.

மலையிலிருந்து வருகிறவர்கள் அன்றிரவு கீழேயே தங்கிவிடுவது நல்லது. கணைய வலி பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். உள்ளே ரத்தம் கசிந்து மலம் கறுப்பாகப் போவது ஒரு வாரம் கழித்துக்கூட வரலாம். அப்போது மறுபடியும் கீழே இறங்கி வர வேண்டும்.