ஃபைப்ரோஸ்கேன் பரிசோதனை: கருவி நல்லது, சேவை பாதியில் நிற்கிறது

அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர் கிரேடு 1' (ஈரலில் லேசான கொழுப்பு) என்று வந்ததும் பலரும் நேராக, ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனுக்கு ஓடுகிறார்கள். அதற்கு முன்னால், கையில் இருக்கும் ரத்தப் பரிசோதனைத் தாளை வைத்தே, ஈரலில் தழும்பு இருக்கும் வாய்ப்பைக் கணிக்கும் எஃப்ஐபி-4 கணக்கைப் போட்டுவிடலாம். வயதை ஏஎஸ்டியால் பெருக்க வேண்டும் (ஏஎஸ்டி, ஏஎல்டி இரண்டும் ரத்தத்தில் அளக்கும் ஈரல் நொதிகள்). பிளேட்லெட் எண்ணிக்கையை ஏஎல்டியின் வர்க்கமூலத்தால் பெருக்கி, முதலில் வந்ததை இதனால் வகுக்க வேண்டும். வயது 45, ஏஎஸ்டி 40, ஏஎல்டி 64, பிளேட்லெட் 2.5 லட்சம் என்றால் விடை 0.9. இதில் பிளேட்லெட்டை 250 என்று போட வேண்டும், 2.5 என்று போட்டால் விடை நூறு மடங்கு எகிறி, வீணாகப் பயமுறுத்தும். 1.3க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் அவசரமில்லை. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 2.0தான் எல்லை.

ஃபைப்ரோஸ்கேனை உருவாக்கியது பிரான்சின் எக்கோசென்ஸ் நிறுவனம். விலா எலும்புகளுக்கு இடையே புரோப் என்ற கைக்கருவியை வைத்து மெல்லிய அதிர்வைச் செலுத்துவார்கள். அந்த அலை ஈரலுக்குள் எவ்வளவு வேகமாகப் பரவுகிறதோ ஈரல் அவ்வளவு இறுகியிருக்கிறது. ஊசியில்லை, வலியில்லை, பத்து நிமிட வேலை. குறைந்தது 3 மணி நேரம் வெறும் வயிறு அவசியம். சாப்பிட்டவுடன் ஈரலுக்கு ரத்த ஓட்டம் கூடுவதால் இறுக்கம் அதிகமாகக் காட்டும். மஞ்சள் காமாலை, பித்தநாள அடைப்பு, இதயச் செயலிழப்பு இருக்கும்போதும், அண்மையில் நிறையக் குடித்திருந்தாலும் இதே கோளாறுதான். உடல் பருத்தவர்களுக்கு எக்ஸ்எல் புரோப் வேண்டும். அது அந்த மையத்தில் இருக்கிறதா என்று போன் செய்தே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது அளவீட்டின் தரம். சரியான அளவீடுகள் 10 இருக்க வேண்டும். அளவீடுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் ஐக்யூஆர்/மீடியன் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பிறகு இறுக்கம்: 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 12ஐத் தாண்டினால் கல்லீரல் நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும். 'கேப்' என்பது கொழுப்பின் அளவு. அது 275ஐத் தாண்டினால் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று கொள்வார்கள். கேப் எண் பெரிதாக இருப்பதைப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைக்கிறவர்கள் நிறைய. எதிர்காலத்தைச் சொல்வது இறுக்கத்தின் எண்தான், கேப் அல்ல.

இதுவரை சேவையில் குறை சொல்ல அதிகமில்லை. குறை, ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்த பிறகு தொடங்குகிறது. 'எடையைக் குறைங்க, நடங்க' என்ற ஒரு வரியோடு அனுப்பிவிடுகிறார்கள். ஆள் எப்படித் தூங்குகிறார், மனம் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கொழுப்பு ஈரல் உள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுவதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. இன்சுலின் எதிர்ப்பு, உடலில் ஓயாமல் கனலும் அழற்சி, கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் மிகுதி, குறட்டையோடு மூச்சு அடைக்கும் தூக்கக் கோளாறு ஆகியவை இரண்டுக்கும் பொதுவான வேர்கள். எது முதலில் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஒன்று மற்றொன்றை வளர்ப்பது மட்டும் கண்கூடு.

ஈரலில் கொழுப்பு குறைய உடல் எடையில் 5 சதவீதமாவது குறைய வேண்டும். அழற்சியும் தழும்பும் குறைய 7 முதல் 10 சதவீதம் வரை. 80 கிலோ உள்ளவருக்கு 5 முதல் 10 சதவீதம் என்பது 4 முதல் 8 கிலோ. மனச்சோர்வில் கிடப்பவரால் காலையில் எழுந்திருப்பதே பாடாக இருக்கும்போது, 'நடங்க' என்ற சொல் அவர் காதில் குற்றச்சாட்டாகத்தான் விழும். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளை நிரப்ப ஐந்து நிமிடம்கூட ஆகாது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய கேள்விகள்; மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்பலாம். ஒன்பதாவது கேள்வி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு 'இல்லவே இல்லை' என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும் அன்றே பேச வேண்டும். களைப்பு, தூக்கம், பசி பற்றிய கேள்விகளில் ஈரல் நோயாலும் மதிப்பெண் கூடும் என்பதால், ஆர்வமின்மை, நம்பிக்கையின்மை பற்றிய முதல் இரண்டு பதில்களைத் தனியாகப் பார்ப்பது நல்லது. வெறும் வயிற்றோடு காத்திருக்கும் நேரத்திலேயே இந்தத் தாளைக் கொடுத்துவிடலாமே! இதற்குக் கருவியும் தேவையில்லை, கட்டணமும் தேவையில்லை.

மருந்துப் பட்டியலையும் கேட்க வேண்டும். ஓலன்சபின், குளோசபின், வால்ப்ரோயேட் போன்ற மனநல மருந்துகள் எடையைக் கூட்டி ஈரலில் கொழுப்பு சேர வழிசெய்யும். அதற்காக யாரும் தாமாக நிறுத்தக் கூடாது. நோய் மீண்டும் தலைதூக்கும். மாற்று உண்டா என்று எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள். நாள்பட்ட ஈரல் நோய் இருப்பதைச் சொன்னால் துலோக்ஸெடின் என்ற மனச்சோர்வு மருந்தைத் தவிர்த்து வேறு மருந்து தருவார்கள். மன அழுத்தத்துக்கென்று கடையில் வாங்கும் அஸ்வகந்தா மாத்திரைகளால் ஈரல் பாதிக்கப்பட்ட நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஏஎல்டி கூடியிருக்கும்போது அவற்றை விட்டுவிடுவதே பாதுகாப்பு.

மனநல மருத்துவர் அருகில் இல்லாத ஊர்களில் மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். ஸ்கேனை மூன்று மாதத்துக்கொரு முறை திரும்ப எடுக்க வேண்டாம். எண்கள் சற்றே ஏறி இறங்குவது இயல்பு. அடிக்கடி பார்த்தால் பதற்றம்தான் கூடும். ஆபத்து குறைந்தவர்களுக்கு 2 முதல் 3 ஆண்டுக்கு ஒரு முறை மறுமதிப்பீடு போதும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு 1 முதல் 2 ஆண்டு.