கார்டுல காசு வந்துடுச்சுன்னு நிம்மதியா இருக்கற ஃப்ரீலான்சர் மக்களே, எனக்கு 62,400 போச்சு

நேத்து ராத்திரி 11 மணிக்கு கடைசி மெயில் வந்துச்சு. கார்டுல எனக்கு காசு குடுத்த க்ளையன்ட் அத திருப்பிக் கேட்டு போட்ட டிஸ்ப்யூட் முடிஞ்சுதாம், அவனுக்கு சாதகமாம். அவ்ளோதான். 62,400 ரூபா. தூக்கமே வரல, விடிஞ்சதும் இத டைப் பண்றேன், தப்பு இருந்தா கண்டுக்காதீங்க. யார் பேரும் போடல, போட்டா இருக்கற அக்கவுண்டையும் முடக்கிடுவாங்கன்னு பயம். ஒண்ணு வெளிநாட்டு க்ளையன்ட் புடிச்சுத் தர்ற சைட், இன்னொண்ணு வெளிநாட்டுக் காச வாங்கி நம்ம பேங்க்குக்கு அனுப்பற ஆன்லைன் வாலட் மாதிரி ஒரு கம்பெனி. கடைசில பத்து பாயிண்ட்டா தெளிவா சொல்றேன், மொதல்ல நடந்தத கேளுங்க.

நான் வீடியோ எடிட்டர், சேலம் அம்மாபேட்டை. மார்ச்ல அந்த சைட்டு மூலமா ஒருத்தன் வந்தான், சின்ன வேலை, 40 டாலர். சைட்டோட எஸ்க்ரோல, அதாவது வேலை முடியற வரைக்கும் சைட்டே காச புடிச்சு வெச்சிருக்கற கணக்குல, காச போட்டான், வேலைய முடிச்சேன், அன்னிக்கே ரிலீஸ் பண்ணிட்டான். அஞ்சு ஸ்டார் வேற. அடுத்து 12 வீடியோ, மோஷன் கிராஃபிக்ஸோட, பெரிய வேலை. அதுக்கு "சைட்டுக்கு எதுக்கு பிரதர் கமிஷன் அழணும், நீ நேரா இன்வாய்ஸ் அனுப்பு, நான் கார்டுல மொத்தமா அட்வான்ஸா போட்டுடறேன்"னான். மொத்தமா அட்வான்ஸா! நம்மள்ல யாருக்குங்க அப்படி ஒரு வார்த்தை காதுல விழுந்திருக்கு? பாதி முன்னாடி குடுன்னு கேட்டாலே ஓடற ஆளுங்கதான் எனக்கு இதுவரைக்கும் வந்தது.

அப்ப நான் ஏற்காடு நாகலூர்ல சித்தி வீட்ல இருந்தேன், வெயில் தாங்கலன்னு லேப்டாப்போட மேல போயிட்டேன். வீடியோ கால் பண்ணான். ஜன்னல் வழியா பனி, சில்வர் ஓக் மரத்துல ஏறியிருக்கற மிளகுக் கொடி, காப்பிச் செடி எல்லாம் காட்டினேன், ஆஹா ஓஹோன்னு ஒரே பாராட்டு. அங்கதான் நான் விழுந்தேன். முகத்தப் பாத்துட்டோம், சிரிச்சுட்டான், வீட்டு மனுசன் மாதிரி ஆயிட்டான். சித்தி வேற பக்கத்துல நின்னு "பாவம் கண்ணு, நம்ம காப்பித்தூளு கொஞ்சம் அனுப்பிவிடு"ன்னு சொல்லுச்சு. அட்ரஸ் கேட்டேன். அப்புறம் அனுப்பறேன்னான். ரெண்டாவது தடவ கேட்டேன், பேச்ச மாத்திட்டான். அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும், உறைக்கல. ஏன்னா அன்னிக்கு சாயங்காலமே வாலட்ல காசு ஏறிடுச்சு, ஃபீஸெல்லாம் போக என் பேங்க்குக்கு வந்தது 62,400. என் லேப்டாப்புக்கு மாசம் 5,200 டியூ, கணக்கு போட்டுப் பாருங்க, சரியா ஒரு வருஷ டியூ.

கையில காசு இருக்கேன்னு ராத்திரி பகலா வேல பாத்தேன். ஏற்காட்டுல நெட்டு சரியா இல்ல, அந்த 20 கொண்டை ஊசி வளைவும் பஸ்ல இறங்கி வந்து சேலம் அஞ்சு ரோடு பக்கம் ஃப்ரெண்டோட ஆபீஸ்ல உக்காந்து ஃபைலெல்லாம் ஏத்தினேன். சோர்ஸ் ஃபைலும், அதாவது வீடியோவ திருப்பி எடிட் பண்ணக்கூடிய மூல ஃபைலும் கேட்டான், குடுத்துட்டேன். சூப்பர் பிரதர்னு சொன்னான், அதுவும் கால்ல. எழுத்துல ஒண்ணும் இல்ல.

மூணு மாசத்துக்கு மேல சத்தமே இல்ல. ஆடிப் பண்டிகை, ஊரே மேளச் சத்தம், கோட்டை மாரியம்மனுக்கு பொங்கல் வைக்க குடும்பத்தோட போயிருந்தோம். வீட்டுக்கு வந்து சும்மா வாலட்ட தொறந்தா மைனஸ்ல நிக்குது. இன்னொரு க்ளையன்ட் குடுத்த 21,000 அதுல கெடந்துச்சு, அத அப்படியே முழுங்கிட்டு இன்னும் 41,400 நீ தரணும்னு காட்டுது, அதுபோக டிஸ்ப்யூட் ஃபீஸ் தனியா. விஷயம் என்னன்னா அவன் அவனோட பேங்க்ல "சர்வீஸ் கிடைக்கல"ன்னு சார்ஜ்பேக் போட்டிருக்கான், அதாவது கார்டுல கட்டின காச திருப்பி எடுத்துக் குடுங்கன்னு கேட்டிருக்கான். பெரும்பாலான கார்டுல இதுக்கு 120 நாள் வரைக்கும் டைம் இருக்காம். அதாவது காசு நம்ம பேங்க்குக்கு வந்து, எடுத்து செலவும் பண்ணி, நாலு மாசம் ஆகப்போற நேரத்துல கூட பின்னாடி இருந்து உருவலாம். எனக்கு இது தெரியவே தெரியாது, 62,400 குடுத்து கத்துக்கிட்டேன்.

தகவல் மெயில் ப்ரமோஷன் டேப்ல போய் ஒளிஞ்சிருந்துச்சு. ஆதாரம் குடுக்க 7 நாள், அதுல 5 நாள் ஏற்கெனவே போச்சு. ராவெல்லாம் உக்காந்து சாட் ஸ்க்ரீன்ஷாட், ஃபைல் டவுன்லோட் ஆன தேதி, எல்லாத்துக்கும் மேல அவன் யூட்யூப்ல போட்டிருக்கற என்னோட 12 வீடியோ லிங்க்கும் அனுப்பினேன். இன்னிக்கும் அந்த வீடியோ ஓடிட்டு இருக்குங்க! வேலையே வரலன்னு சொன்னவன் சேனல்ல! அதுக்கு வந்த பதில், அந்த சேனல் கார்டு ஓனரோடதுன்னு என்ன ஆதாரம்னு. கார்டுல வேற பேரு, சேனல்ல வேற பேரு, சாட்ல வேற பேரு. ஒரு அட்ரஸ் கூட என்கிட்ட இல்ல. காப்பித்தூளு அனுப்பியிருந்தா கூரியர் ரசீதாச்சும் இருந்திருக்கும்.

வாலட் கம்பெனி சப்போர்ட் சாட்ல மொதல்ல ஒரு பாட், அப்புறம் ஒரு ஆளு, மறுநாள் வேற ஆளு, ஒவ்வொருத்தருக்கும் மொதல்ல இருந்து கதைய சொல்லணும். "உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது". என்னத்த புரிஞ்சுது? டிஜிட்டலா அனுப்பற வேலைக்கு எங்க பாதுகாப்பு கிடையாது, முடிவு பண்றது கார்டு குடுத்த பேங்க்குதான், நாங்க வெறும் தபால்காரன் மாதிரின்னு சொன்னாங்க. தபால்காரன் எதுக்குங்க ஃபீஸ் புடிக்கறான்? வேலை சைட்டுக்கு எழுதினா, வெளிய காசு வாங்கினது எங்க ரூல்ஸ்க்கு விரோதம்னு எனக்கே வார்னிங். சரி, அது என் தப்புதான், கமிஷன் மிச்சமாகும்னு ஆசப்பட்டேன். என் பேங்க் ப்ராஞ்ச்ல போய் நின்னா, இது எங்க ட்ரான்சாக்‌ஷனே இல்ல தம்பின்னு ரெண்டே நிமிஷத்துல அனுப்பிட்டாங்க.

அப்பாகிட்ட சொல்லவே ஒரு வாரம் ஆச்சு. அவரு நாப்பது வருஷமா தறி ஓட்டறவரு. "கூலிய இழுத்தடிக்கற மொதலாளிய பாத்திருக்கேன், கூலிய குறைக்கறவனையும் பாத்திருக்கேன், பாவு முடிஞ்சு சேலைய வாங்கி வித்தும் போட்டு, குடுத்த கூலிய திருப்பி புடுங்கறவன இப்பத்தாண்டா பாக்கறேன்"ன்னாரு. அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கல. அடுத்த டியூவ அவருதான் கட்டினாரு, அதுதான் இன்னும் வலிக்குது.

பத்து பாயிண்ட் சொல்றேன்னு சொன்னேன், இப்ப தெம்பு இல்ல. பெரிய தொகைன்னா கார்டு வேணாம், பேங்க்ல இருந்து பேங்க்குக்கு நேரா வயர் ட்ரான்ஸ்ஃபர் கேளுங்க, அதுல இப்படி சார்ஜ்பேக் போட வழி இல்ல. சைட்டுல புடிச்ச ஆள வெளிய கூட்டிட்டு போகாதீங்க. வேலை வந்துடுச்சு, ஓகேன்னு மெயில்ல எழுதி வாங்காம சோர்ஸ் ஃபைல தராதீங்க. கார்டுல இருக்கற பேரும் ஆளும் ஒண்ணான்னு பாருங்க. ப்ரமோஷன், ஸ்பேம் எல்லாத்தையும் தெனமும் தொறந்து பாருங்க, அந்த 5 நாள் எனக்கு போனது போனதுதான்.

இன்னொண்ணு, முக்கியம். நேத்து ராத்திரி ஒரு குரூப்ல ரெண்டு வரி பொலம்பி போட்டேன், அரை மணி நேரத்துல ஒருத்தன் இன்பாக்ஸ்க்கு வந்துட்டான், 3,000 கட்டுங்க, உங்க 62,400-ஐ மீட்டுத் தரேன்னு. அவனும் பிரதர்னுதான் கூப்டான். ப்ளாக் பண்ணிட்டேன்.