மூன்று பீட்டர் பார்க்கர்களும் ஒரு தாராவி அறையும்

மும்பை தாராவியில் 90 அடி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் மாடி அறையில் ஒரு சண்டை பல வருடமாக நடக்கிறது. டோபி மக்வயர், ஆண்ட்ரூ கார்ஃபீல்டு, டாம் ஹாலண்ட் மூவரில் யார் ஸ்பைடர்மேன்? நான் டோபி கட்சி. என் சித்தி மகன் ஹாலண்ட் கட்சி. கார்ஃபீல்டுக்கு எங்கள் வீட்டில் ஆள் இல்லை. ஆனால் அவர் நடித்த ஒரு காட்சி வந்தால் இருவரும் வாயை மூடிக்கொள்வோம்.

முகமூடி இல்லாத சாதாரணப் பையன் பீட்டர் பார்க்கராக டோபி, முகமூடிக்குள் ஸ்பைடர்மேனாகக் கார்ஃபீல்டு, இரண்டுக்கும் சேர்த்து ஹாலண்ட் என்று பாகம் பிரித்துச் சொல்பவர்கள் நிறைய. எனக்கு அது ஒப்பவில்லை. வலை வீசிப் பறப்பதில் பெரும்பகுதி கிராஃபிக்ஸ்காரர்களும் சண்டைக் கலைஞர்களும் செய்வது. முகமூடியைக் கழற்றிய பிறகுதான் நடிகரின் வேலையே ஆரம்பிக்கிறது.

டோபியை 2002-ல் வந்த முதல் படத்தை விட 2004-ல் வந்த இரண்டாம் பாகத்தை வைத்துத்தான் எடைபோட வேண்டும். அதில் பீட்டருக்கு வில்லனை விடப் பெரிய தொல்லை வாடகை. கதவைத் திறந்தால் வீட்டுக்காரர் நிற்கிறார். 29 நிமிடத்தில் பீட்சா கொண்டுபோக வேண்டும். வழியில் குழந்தைகளைக் காப்பாற்றியதால் தாமதம், வேலை போய்விடுகிறது. மே அத்தைக்கு வங்கி கடன் தர மறுக்கிறது. சலவைக் கடையில் துணியோடு ஸ்பைடர்மேன் சூட்டையும் போட, சாயம் இறங்கிவிடுகிறது. இதையெல்லாம் டோபி புலம்பாமல் நடிக்கிறார். கண் கொஞ்சம் வீங்கியிருக்கும், பேச்சு பாதியில் நின்றுபோகும், அவ்வளவுதான். மும்பையில் டிப்பாசிட் கொடுத்து, மாதம் பிறந்தால் வாடகையை எண்ணும் எந்தப் பையனுக்கும் அந்த முகம் தெரியும்.

அப்புறம் அந்த ரயில். ஓடும் ரயிலை உடம்பால் நிறுத்திவிட்டு மயங்கி விழப்போகிறவனைப் பயணிகள் பிடித்து, தலைக்கு மேலே கை மாற்றி உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறார்கள். முகமூடி இல்லை. இவன் சின்னப் பையன், என் மகனை விடப் பெரியவனாக இருக்க மாட்டான் என்கிறார் ஒருவர். எங்கள் பக்கத்து சயன் ஸ்டேஷனில் காலை நெரிசலில் ஒருவர் மயங்கினால் இதே மாதிரிதான் நடக்கும். கால் வைக்க இடமில்லாத பெட்டியில் எப்படியோ ஒரு ஜன்னல் சீட் காலியாகும், எங்கிருந்தோ தண்ணீர் பாட்டில் வரும். கதை நடப்பது நியூயார்க்கில், அந்த ரயில் காட்சியில் ஒரு பகுதியைப் படமாக்கியது சிகாகோவில். எனக்கோ அது சயன் வழியாகப் போகும் எங்கள் சென்ட்ரல் லைன் ரயில்.

டோபியிடம் குறை இல்லாமல் இல்லை. சண்டைக்கு நடுவே கிண்டலடிக்கும் வசனங்கள் அவர் வாயில் ஒட்டவில்லை. 2007 படத்தில் முடியை நெற்றியில் இறக்கிவிட்டுத் தெருவில் ஆடும் இடத்தை நான் ரிமோட்டில் தள்ளிவிடுவேன்.

அந்தக் கிண்டலில் கார்ஃபீல்டை யாரும் மிஞ்ச முடியாது. ஒல்லி உடம்பு, நீளக் கை கால், நிற்கும் விதமே பூச்சி மாதிரி. ஆனால் பள்ளியில் யாரும் கவனிக்காத பையன் என்றால் நம்ப முடியவில்லை. ஸ்கேட்போர்டோடு வரும் அவரை எந்தப் பள்ளியிலும் திரும்பிப் பார்ப்பார்கள். துயரம் வரும்போது மட்டும் ஆளே மாறிவிடுகிறார். 2012 படத்தில், பாலத்தில் தொங்கும் காருக்குள் பயந்து கிடக்கும் சிறுவனுக்குத் தன் முகமூடியையே கழற்றிக் கொடுக்கிறார். 2014-ல் மணிக்கூண்டுக்குள் விழும் காதலி குவென்னை வலை எட்டிப் பிடிக்கிறது, ஆனாலும் உயிர் தங்கவில்லை. ஏழு வருடம் கழித்து, மூன்று பீட்டர்களும் ஒன்றாக வரும் 2021 படத்தில் ஹாலண்ட் பீட்டரின் காதலி அதே மாதிரி விழ, இவர் பாய்ந்து பிடித்து இறக்கிவிடுகிறார். நன்றாக இருக்கிறாயா என்று கேட்க வேண்டிய இவர் கண்தான் நிறைகிறது. நாங்கள் வாயை மூடிக்கொள்வது இங்கேதான்.

ஹாலண்டின் பலம் வயது. முதல் படம் வந்தபோது டோபிக்கு 26, கார்ஃபீல்டுக்கு 28. ஹாலண்ட் 2016-ல் வந்தபோது 19. சிறுவயதில் லண்டன் மேடையில் ஆடிப் பழகியவர், குட்டிக்கரணம் அவருக்கு இயல்பு. 2017 படத்தில் இடிபாட்டுக்குள் சிக்கி, காப்பாற்றுங்கள் என்று அழும்போது நிஜமாகவே ஒரு பள்ளிப் பையன் கதறுவதாகத்தான் கேட்கும். ஆனால் அயர்ன்மேனான கோடீஸ்வரர் டோனி ஸ்டார்க் சூட் கொடுக்கிறார், விமானத்தில் வரவழைக்கிறார். பணக்கஷ்டம் இவன் பக்கம் பெரிதாக வருவதே இல்லை. அதனால்தான் ரொம்ப நாள் எனக்கு இவன் மேல் ஒட்டுதல் வரவில்லை.

2021 படத்தின் கடைசியில் அது மாறுகிறது. ஒரு மந்திரத்தால் உலகமே அவனை மறந்துவிட, ஒற்றை அறைக்கு வாடகைக்குப் போகிறான். அங்கே ஒரு தையல் மெஷின். புது சூட்டை அவனே தைத்துப் போட்டுக்கொள்கிறான். டோபி தொடங்கிய இடத்துக்கு ஹாலண்ட் வந்து சேர ஐந்து வருடம் ஆகியிருக்கிறது. நான் இதைச் சொன்னால் சித்தி மகன் ஒத்துக்கொள்ள மாட்டான். அவன் அப்பாவுக்குத் தாராவியிலேயே நான்கு மெஷின் போட்ட சின்னத் தையல் பட்டறை. பள்ளி விட்டு வந்து நூல் வெட்டி வளர்ந்தவன்.

"அண்ணே, கோடீஸ்வரன் தைச்சுக் குடுத்த சூட்ட எவன் வேணும்னாலும் போட்டுக்கலாம். தன் அளவுக்குத் தானே துணி வெட்டுறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?" என்றான்.

அந்த ஒரு காட்சிக்கு ஹாலண்ட்தான் என்று அன்றைக்கு ஒப்புக்கொண்டேன். ரயிலை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.